நைட்டு வண்டிய இறக்கம் பாத்து நிறுத்துறீங்களா? அப்ப இத ஒரு தடவ படிங்க

நீலகிரில கார் வெச்சிருக்கிறவங்க நெறைய பேருக்கு ஒரு பழக்கம் உண்டு. நைட்டு வீட்டுக்கு வந்ததும் வண்டி மூக்க இறக்கத்தப் பாத்து நிறுத்தி டயருக்கு ஒரு கல்லயும் வெச்சிட்டுப் போயிடுவாங்க, காலைல செல்ஃப் (இன்ஜின சுத்தி ஸ்டார்ட் பண்ற மோட்டார்) எடுக்கலன்னா கல்லத் தள்ளிட்டு ரெண்டாவது கியர் போட்டு உருட்டி கிளட்ச விட்டா வண்டி ஸ்டார்ட், வேலை முடிஞ்சுது. மேட்டுப்பாளையத்துல இருக்கிறவருக்கு செல்ஃப் போச்சுன்னா அன்னைக்கே மெக்கானிக்கத் தேடியாகணும், நமக்கு மலையே தள்ளி விட்டுடுது, அதனாலயே ஒரு சின்ன கோளாறு மாசக்கணக்கா உள்ளயே கெடந்து பெருசாகுது. ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பாக்கிறவன்ங்கிற முறைல இத எழுதியே ஆகணும்னு தோணுச்சு.

முதல்ல இந்த உருட்டுற விஷயம். இன்ஜின் ஓடாதப்ப பிரேக்க லேசா மிதிக்க உதவுற பிரேக் பூஸ்டர்ல மிச்சம் இருக்கிற வேக்கம் ஒண்ணு ரெண்டு மிதிக்குத்தான் வரும், அதுக்கப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும், பவர் ஸ்டீயரிங்கும் வேலை செய்யாது. நம்ம வீட்டு முன்னாடி இருக்கிற இறக்கம் எங்க போய் முடியுதுன்னு உங்களுக்கே தெரியும், பெரும்பாலும் ஒரு வளைவுல இல்லன்னா தேயிலைக் காட்டுல. பெட்ரோல் வண்டின்னா எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய் புகையச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர கெடுக்கும், அது பேட்டரிய விட பல மடங்கு வெலை. ஆட்டோமேட்டிக் வண்டிய உருட்டி ஸ்டார்ட் பண்ணவே முடியாது, சும்மா முயற்சி பண்ணாதீங்க.

சரி, கோளாறுக்கு வருவோம். "ஸ்டார்டிங் டிரபிள்"னு ஒரே வார்த்தைல சொல்லிடுறாங்க, ஆனா அதுக்குள்ள ரெண்டு வேற வேற நோய் இருக்கு. செல்ஃப் நல்ல வேகமா சுத்துது ஆனா இன்ஜின் பிடிக்க லேட் ஆகுதுன்னா அது பேட்டரி விஷயம் இல்ல, பெட்ரோல் வண்டில ஃப்யூயல் பிரஷர், பிளக், சென்சார் பாக்கணும், டீசல்ல உறைபனி காலத்துல ஹீட்டர் பிளக்கத்தான் முதல்ல சந்தேகப்படணும். செல்ஃபே "ங்ர்ர்... ங்ர்ர்..."னு இழுத்து இழுத்து சுத்துதுன்னா அதுதான் நம்ம விஷயம். சாவி திருப்புனா "டக் டக் டக் டக்"னு வேகமா அடிச்சா பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கு, இல்ல டெர்மினல் லூஸு. ஒரே ஒரு "டக்" மட்டும் வந்து அமைதி ஆயிட்டா செல்ஃப் மோட்டார் சொலனாய்டு (மோட்டாருக்கு கரண்ட் விடுற சுவிட்ச்), கார்பன் பிரஷ், இல்ல எர்த் கேபிள் (பேட்டரி மைனஸ பாடியோடயும் இன்ஜினோடயும் சேர்க்கிறது). ஃபோன்லயே இந்த சத்தத்த ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்கன்னு நான் கேக்கிறது இதுக்குத்தான், பாதி விஷயம் அதுலயே தெரிஞ்சிடும்.

டிசம்பர் ஜனவரில தலைகுந்தா, காந்தள் பக்கம் புல்லு மேல வெள்ளையா பூக்குற அளவுக்கு குளிர் போகும்போது பேட்டரிக்கு உள்ள நடக்குற ரசாயன வேலை மெதுவாயிடுது, ஜீரோ டிகிரில ஒரு நல்ல பேட்டரியே தன்னோட தள்ளுற பலத்துல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்க இழந்துடும், அதே நேரம் இன்ஜின் ஆயில் கெட்டியாகி செல்ஃபுக்கு சுமை ஏறும். அதனால கோவைல இன்னும் ஒரு வருஷம் ஓடியிருக்கிற பேட்டரி ஊட்டில ஒரு காலைல படுத்துடும். இன்னொண்ணு நம்ம ஓட்டுற விதம். பிங்கர்போஸ்ட்ல இருந்து மார்க்கெட், மார்க்கெட்ல இருந்து ஸ்கூல், திரும்ப வீடு, இதுல ஹெட்லைட், பிளோவர், பின் கண்ணாடி டீஃபாகர் எல்லாம் ஆன், குளிர்ந்து கெடக்கிற பேட்டரி சார்ஜையும் மெதுவாத்தான் வாங்கும். நாள் முழுக்க இப்படியே போனா பேட்டரி ஒரு நாளும் ஃபுல் ஆகாது, ஃபுல் ஆகாத பேட்டரியோட பிளேட்ல சல்பேட் படிஞ்சு படிஞ்சு அது சீக்கிரமே கெட்டுப்போகும்.

ஆனா இத படிச்சிட்டு நேரா பேட்டரி கடைக்கு ஓடாதீங்க, அதுதான் நான் முக்கியமா சொல்ல வந்தது. மீட்டர் வெக்காம யாரும் உங்களுக்கு பேட்டரி மாத்தக் கூடாது. ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. நைட்டெல்லாம் நின்ன வண்டில காலைல கதவு லைட்டெல்லாம் அணைஞ்சதும் பேட்டரில வெச்சுப் பாருங்க. 12.6 வோல்ட் இருந்தா ஃபுல். 12.2ன்னா பாதிதான் இருக்கு. 12க்குக் கீழன்னா அத வெச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க, முதல்ல சார்ஜர்ல போடணும். 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு மூணு மூணரை ஆம்பியர் வெச்சு ஒரு ராத்திரி முழுக்க. வண்டி ஓட்டுனா ஏறிடும்னு விட்டுடாதீங்க, சுத்தமா இறங்குன பேட்டரிய ஏத்துற வேலைக்கு ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தர்றது) செஞ்சது இல்ல, அதுமேல அந்த சுமைய போட்டா அதுவும் சூடாகி உள்ள இருக்கிற டயோடு (கரண்ட ஒரே பக்கமா விடுற பாகம்) போகும்.

அடுத்தது ஒருத்தர சாவி திருப்பச் சொல்லிட்டு மீட்டரப் பாருங்க. செல்ஃப் சுத்தும்போது 9.6க்குக் கீழ விழுந்தா, பேட்டரியும் ஃபுல் சார்ஜ்லதான் இருந்துச்சுன்னா, ஒண்ணு பேட்டரி போச்சு, இல்ல செல்ஃப் மோட்டார் உள்ள சுத்துற தண்டத் தாங்குற புஷ் தேஞ்சு ஜாமாகி அளவுக்கு மேல கரண்ட் இழுக்குது. ஆனா மீட்டர்ல 11 வோல்ட் நிக்குது, செல்ஃப் மட்டும் இழுத்து இழுத்து சுத்துதுன்னா? பேட்டரி நல்லா இருக்கு சார், அது குடுக்கிற கரண்ட் போய்ச் சேரல. இந்த இடத்துலதான் நெறைய பேர் காச விடுறாங்க.

கோத்தகிரி பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் டீசல் கார் எடுத்துட்டு வந்தாரு, ஒரே குளிர் காலத்துல ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு, "தம்பி, பேட்டரி புதுசு, இருந்தாலும் காலைல இழுக்குது பா"ன்னாரு. பேட்டரி 12.6. செல்ஃப் அடிக்கும்போது 11.1. மீட்டரோட ஒரு முனைய பேட்டரி மைனஸ் கம்பத்து மேலயும் (கிளாம்ப் மேல இல்ல, ஈயக் கம்பத்து மேலயே) இன்னொரு முனைய இன்ஜின் பிளாக்குலயும் வெச்சு செல்ஃப் அடிக்கச் சொன்னேன், 1.6 வோல்ட் காட்டுச்சு, அவ்ளோ வோல்ட் கரண்ட் திரும்புற வழியிலயே வீணாகுது. அங்க 0.2க்கு மேல வரவே கூடாது. கியர்பாக்ஸ்ல இருந்து பாடிக்குப் போற எர்த் ஸ்ட்ராப் மேல பாத்தா சுத்தமா இருந்துச்சு, போல்ட் மாட்டுற முனைப் பக்கத்துல உறைய வெட்டி உரிச்சா உள்ள செம்பு எல்லாம் பச்சைப் பொடியா உதிருது. கரண்ட் திரும்பி வர வேற வழி தேடி கிளட்ச் கேபிள் வழியா போயிருக்கு, அந்த கேபிள் மேல் உறை சூட்டுல இளகி கையில ஒட்டுற மாதிரி இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா கிளட்ச் கேபிள் மலை ரோட்டுல எங்கயாவது அறுந்திருக்கும். ஒரு ஸ்ட்ராப் மாத்தி, பாடில போல்ட் உக்கார்ற இடத்துல பெயின்ட்ட உப்புத்தாள் போட்டு பளபளன்னு தேச்சு முறுக்கி மேல வாஸ்லின் தடவுனோம், அவ்ளோதான், கழட்டிப் போட்டிருந்த பழைய பேட்டரிய சார்ஜ் பண்ணி டெஸ்ட் பண்ணா அதுவும் நல்லாவே இருந்துச்சு.

இத வீட்லயே பாக்க ஒரு சுலபமான வழி இருக்கு. ஜம்பர் கேபிள் ஒண்ண எடுத்து பேட்டரி மைனஸ்ல இருந்து நேரா இன்ஜின்ல பெயின்ட் இல்லாத இரும்புல மாட்டுங்க, செல்ஃப் உடனே வேகமா சுத்துனா எர்த் கோளாறு உறுதி. பிளஸ் பக்கம் ஜம்பர் இல்ல, மீட்டர வெச்சு செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி பிளஸ்ல இருந்து செல்ஃப் மோட்டார் போல்ட் வரைக்கும் அளந்தா அரை வோல்ட்டுக்கு மேல போகக் கூடாது. நம்ம ஊர் மூடுபனியும் கூடலூர், பந்தலூர் மழையும் இந்த ஜாயின்ட்டுங்கள சும்மா விடாது.

டெர்மினல்ல வெள்ளையா பச்சையா பூத்திருந்தா சமையல் சோடாவ வெதுவெதுப்பான தண்ணில கலந்து ஊத்துங்க, நொரச்சு அடங்குற வரைக்கும் ஊத்தி கழுவி தொடச்சிடுங்க, பேட்டரி மூடியெல்லாம் இறுக்கமா இருக்கணும், கண்ணு பத்திரம். கழட்டும்போது மைனஸ் முதல்ல, மாட்டும்போது மைனஸ் கடைசில.

சார்ஜிங்குக்கு வந்தா, இன்ஜின் ஓடும்போது பேட்டரில 13.8ல இருந்து 14.5 வரைக்கும் வரணும், ஹெட்லைட் பிளோவர் எல்லாம் போட்டு லேசா ரேஸ் குடுத்தாலும் 13.5க்குக் கீழ இறங்கக் கூடாது. 15 தாண்டுனா கட்டவுட் (வோல்டேஜக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர்) போச்சு, பேட்டரி கொதிச்சு அழுகுன முட்டை நாத்தம் அடிக்கும். புது மாடல் வண்டிங்கள்ல கம்ப்யூட்டரே சார்ஜிங்க கூட்டிக் குறைக்கும், ஐடில்ல 12.8 காட்டுச்சுன்னு ஆல்டர்னேட்டர கழட்டிடாதீங்க, லைட்டப் போட்டு ஏறுதான்னு பாருங்க. மீட்டர ஏசி வோல்ட்டுக்கு மாத்தி வெச்சா அரை வோல்ட்டுக்கு மேல காட்டுதுன்னா டயோடு ஒண்ணு போயிருக்கு. அந்த டயோடு வழியாவே நைட்டு முழுக்க பேட்டரி கசிஞ்சு இறங்கும், காலைல பழி மட்டும் பேட்டரி மேல. பனி காலைல ஸ்டார்ட் பண்ணதும் "கீச்"னு கத்துனா பெல்ட் லூஸு, அத முதல்ல சரி பண்ணுங்க.

இன்னொரு கெட்ட பழக்கம் பழைய ஆளுங்ககிட்ட இன்னும் இருக்கு, வண்டி ஓடும்போதே பேட்டரி டெர்மினல கழட்டி "ஆஃப் ஆகல, டைனமோ நல்லாருக்கு"ன்னு சொல்றது. அம்பாசடர் காலத்துல அது எப்படியோ சரிப்பட்டு வந்துச்சு. இன்னைக்கு வண்டில அந்த நொடில வோல்டேஜ் எகிறி கம்ப்யூட்டர் போயிடும், தயவுசெஞ்சு உங்க வண்டில யாரையும் அத செய்ய விடாதீங்க.

எல்லாம் சரியா இருந்தும் நின்ன வண்டி ரெண்டு நாள்ல இறங்குதுன்னா உள்ள ஏதோ கரண்ட் குடிக்குது. வண்டிய பூட்டி அரை மணி நேரம் விட்டுட்டு அளந்தா 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருக்கணும். அதிகமா இருந்தா வெளில வாங்கி மாட்டுன ஸ்டீரியோ, கேமரா, ஃபாக் லைட் ரிலேல ஆரம்பிங்க. எலி கடிச்ச வயரும் இங்க நெறைய வருது, சூடான இன்ஜின் மேலதான் அதுங்க குளிர் காலத்துல படுக்கும்.

கடைசியா, ராத்திரி கல்லட்டி மலைப்பாதைலயோ குன்னூர் மலைப்பாதைலயோ வரும்போது பேட்டரி லைட் (சார்ஜ் ஏறலங்கிற எச்சரிக்கை லைட்) எரிஞ்சா என்ன பண்றது. டெம்பரேச்சர் முள்ளு ஏறுதான்னு உடனே பாருங்க, நெறைய வண்டில ஆல்டர்னேட்டர சுத்துற அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுத்துது, ஏறுச்சுன்னா ஓட்டவே ஓட்டாதீங்க, ஓரமா நிறுத்திடுங்க. ஏறலன்னா இன்ஜின ஆஃப் பண்ணாம பிளோவர், டீஃபாகர், பாட்டு, சார்ஜர் எல்லாத்தையும் அணைங்க, ஹெட்லைட்ட மட்டும் அணைக்காதீங்க. எதையும் அணைக்காம விட்டா ஹெட்லைட்டுக்கு 9, பிளோவருக்கு 10, வைப்பர், பம்ப், இக்னிஷன் எல்லாம் சேர்ந்தா சுமார் 30 ஆம்பியர், நல்ல 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரியே ஒரு மணி நேரம் தாங்காது, ஸ்டீயரிங் கரண்ட்ல ஓடுற வண்டின்னா ஒவ்வொரு கொண்டை ஊசிலயும் அது தனியா இழுக்கும். லைட்டு மங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஆள் நடமாட்டம் இருக்கிற டீக்கடை, செக்போஸ்ட் மாதிரி ஒரு இடத்துல வண்டிய விட்டுட்டு மெக்கானிக்குக்கு ஃபோன் போடுங்க.