பின்பாக்கெட்டில் திரும்பி வரும் சாப்பாடு

சைக்கிள் பந்தயங்களில் ஓட்டிய காலத்தில் காலையில் ஒருமுறை, படுக்கப் போகும்முன் ஒருமுறை எடை பார்ப்பேன். அணியில் பலரும் அப்படித்தான். 60 கிலோ உடம்பு 300 வாட் சக்தியில் மிதித்தால் கிலோவுக்கு 5 வாட். 57 கிலோவுக்கு இறங்கினால் 5.26. மலையேற்றத்தில் இது பெரிய வித்தியாசம். பட்டினி போட்டு இறக்கிய உடம்பு அந்த 300 வாட்டை எத்தனை வாரம் தரும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

ஒருநாள் ஒரு வளைவில், கிட்டத்தட்ட நடைவேகத்தில், வழுக்கி விழுந்தேன். இடுப்பெலும்பில் விரிசல். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் என் வயதை இரண்டாவது தடவையாகக் கேட்டார்.

சைக்கிளில் உடல் பாரத்தை சீட் வாங்கிக்கொள்கிறது. ஓடும்போது எலும்புக்குக் கிடைக்கும் அதிர்ச்சி இங்கே இல்லை. அதோடு சாப்பாடும் போதாவிட்டால் ஹார்மோன்கள் குறைந்து எலும்பு மெலியும். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் சைக்கிளில் தங்கம் வென்ற கிறிஸ் போர்ட்மேன் 2000-இல் ஓய்வு பெற்றபோது அவருக்கு எலும்பு மெலிவு இருந்தது. அவருடைய காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் சாம்பியனின் எலும்பும் மெலியும். உணவுக் குறைவால் விளையாட்டு வீரர்களின் உடல் இப்படிப் பாதிக்கப்படுவதற்கு 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 'ரெட்-எஸ்' என்று பெயர் வைத்தது.

இப்போது நான் கோச். நாலு மணி நேரம் ஓட்டிவிட்டு வருபவரின் பவர் மீட்டரை (மிதிக்கும் சக்தியை அளக்கும் கருவி) அப்புறம்தான் பார்ப்பேன், முதலில் ஜெர்சியின் பின்பாக்கெட். கொண்டுபோன மாவுச்சத்து ஜெல்லும் வாழைப்பழமும் அப்படியே திரும்பியிருக்கும். "பசிக்கவே இல்லை கோச்." பசிக்காதுதான், கடுமையாக மிதிக்கும்போது பசி அடங்கிவிடும். அதனால் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடச் சொல்கிறேன், 20 நிமிடத்துக்கு ஒருமுறை.

சராசரி 200 வாட்டில் 4 மணி நேரம் என்றால் ஏறக்குறைய 2,900 கலோரி செலவு. மணிக்கு 90 கிராம் மாவுச்சத்து எடுத்தாலும் உள்ளே போவது 1,440தான். அந்த 90 கிராமுக்கே வயிற்றை வாரக்கணக்கில் பழக்க வேண்டும். பந்தயத்தன்று திடீரென்று முயன்றால் வாந்தி வரும்.

பெண்களுக்கு மாதவிடாய் மூன்று மாதம் வராவிட்டால் "பயிற்சி கடுமை, அதனால்தான்" என்று விட்டுவிடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். ஆண்களிடம் அடையாளம் இவ்வளவு தெளிவாக இருக்காது. தாம்பத்திய ஆசை குறைவது, ஆறாத சளி, காரணமில்லாத எரிச்சல். இதையெல்லாம் கோச்சிடம் சொல்ல யாருக்கும் வாய் வராது. அதனால் நானே கேட்டுவிடுகிறேன், கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும்.

அப்புறம், சைக்கிள் தராத பாரத்தை எலும்புக்குக் கொடுக்க, வாரம் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சி. தொடை பருத்துவிடும் என்று முணுமுணுப்பார்கள். அவர்களுக்குக் காட்டத்தான் என் பழைய ஸ்கேனை மேசை இழுப்பறையிலேயே வைத்திருக்கிறேன்.