கிண்ணம் காலி என்றால் குழலும் காலியா?

போன வாரம் இன்னொன்று வந்தது. சுவரில் அலங்காரமாகத் தொங்கிய சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. "தாத்தா காலத்துச் சாமான், உள்ளே ஒன்றும் இல்லை, துருவை மட்டும் எடுத்துக் கொடுங்கள்" என்றார் கொண்டுவந்தவர். குழலின் வாய் வழியாக மருந்தைக் கெட்டிக்கும் கோலை உள்ளே விட்டேன். அடியைத் தொட நாலு விரல் இருக்கும்போதே நின்றுவிட்டது. மருந்தும் குண்டும் அப்படியே இருந்தன.

குழலின் பக்கவாட்டில் இருக்கிற சின்னக் கிண்ணத்தில் மருந்து இல்லை, அதனால் துப்பாக்கி காலி என்கிறார்கள். கிண்ணத்தில் போடுவது பற்றவைக்கிற சிட்டிகை மருந்துதான். ஆளைக் கொல்வது குழலின் அடியில் கிடக்கிறது. கல்லைக் கழற்றிவிட்டாலும் அது அங்கேயேதான் இருக்கும். கிண்ணத்திலிருந்து குழலுக்குள் போகும் பக்கத் துளை வழியாக ஒரு தீப்பொறி போனால் போதும். 'இத்தனை வருஷத்தில் வீரியம் போயிருக்கும்' என்பது அடுத்த கதை. கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த கலவை. ஈரம் படாவிட்டால் நூறு வருஷம் கழித்தும் வெடிக்கும்.

எனவே முதலில் கோல். குழலின் வாய்க்கு நேரே முகத்தையோ கையையோ கொண்டுபோகாமல் கோலை இறக்கி, வாய் விளிம்பில் அடையாளம் வையுங்கள். வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பாருங்கள். நுனி பக்கத் துளை வரை எட்டாவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. சுட்டுத் தீர்க்க வேண்டாம், நீங்களே தோண்டவும் வேண்டாம். தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். உள்ளே மருந்து இருக்கலாம் என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

இந்தத் துப்பாக்கியால் சுடுகிறவர்கள் சுட்ட அன்றே குழலைக் கழுவ வேண்டும். உள்ளே படிகிற மருந்துக் கசடு ஈரத்தை இழுக்கும், குழல் துருப்பிடிக்கும். சுத்தியலும் கல்லும் இருக்கிற விசைப் பொறியைக் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து, அது வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். நன்றாகக் காய்ந்ததும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. அடுத்த முறை மருந்து போடுவதற்கு முன் அந்த எண்ணெயைத் துடைத்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து நமத்துப்போகும்.

விசைப் பொறியில் கை வைக்கும்போது கல்லைக் கழற்றுங்கள், அல்லது கல் உரசித் தீப்பொறி பறக்கிற எஃகுத் தகட்டுக்குத் தோலுறை போடுங்கள். சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்தி வைக்கிற பாதி நிறுத்தத்தை நம்பாதீர்கள், பழசில் அதைப் பிடிக்கிற பல் தேய்ந்திருக்கலாம்.

அப்புறம், இன்றைய தோட்டாக்களில் இருக்கிற புகையில்லா மருந்து. கொஞ்சமாகப் போட்டால் பரவாயில்லையா என்று கேட்கிறார்கள். ஒரு சிட்டிகைகூடக் கூடாது. அது கிளப்புகிற அழுத்தத்தில் குழல் கிழிந்துவிடலாம்.