படத்துக்குள் ஒளிந்திருக்கும் பெயர்

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எல்லா நாட்டு ஸ்போர்ட்ஸ் சனலும் வரும் என்று சொல்லி விற்ற அன்ட்ரொயிட் பொக்ஸ் ஒன்று வாங்கினோம். மாதக் காசும் கட்டினோம். மட்ச் போய்க்கொண்டிருக்கும்போது பதினாறாவது ஓவரில் படம் அப்படியே நின்றுவிட்டது. 'கொம்பனிக்காரன் சட்டலைட்டால் பார்த்துப் பிடித்துவிட்டான்' என்கிறார் விற்றவர். பக்கத்து வீட்டில் அதே மாதிரிப் பொக்ஸ்தான், அவர்களுக்கு ஓடியது. உண்மையிலேயே மேலிருந்து பார்க்க முடியுமா?"

முடியாது. சட்டலைட் டிவி ஒருவழிப் பாதை. கூரையில் இருக்கும் டிஷ் வாங்குமே தவிர எதையும் திருப்பி அனுப்பாது. யார் பார்க்கிறார்கள், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் மேலே இருக்கும் சட்டலைட்டுக்குத் தெரியவே தெரியாது. மேலிருந்து கவனிக்கிறார்கள் என்ற இந்தப் பயம் ஊரில் பல காலமாக உலவுகிறது. விற்பவருக்கு அது வசதியும்கூட, பழியை வானத்தில் போட்டுவிடலாம். பிடித்தது சட்டலைட் அல்ல, வாசகர் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் படமேதான். அது எப்படி என்று விளங்க, முதலில் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

டிஜிட்டல் டிவி 188 பைட் கொண்ட சிறு பொதிகளாக வருகிறது. காசு கட்டிப் பார்க்கும் சனலில் பொதியின் தலைப்பகுதியை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைப் பூட்டுவார்கள். 1994இல் ஐரோப்பாவில் பொதுத்தரமாக வந்த முறையில் இதற்கான சாவி 64 பிட், அதாவது வெறும் 8 பைட். ஏறத்தாழ 10 விநாடிக்கு ஒருமுறை சாவி மாறும். மாறும் நொடியில் படம் வெட்டுப்படக்கூடாது என்பதற்காக ஒற்றைச் சாவி, இரட்டைச் சாவி என்று இரண்டு வைத்திருப்பார்கள். ஒன்று பாவனையில் இருக்கும்போதே அடுத்தது வந்து சேர்ந்துவிடும். அந்தச் சாவியும் மறைகுறியாக்கப்பட்டு படத்தோடு சேர்ந்தே வருகிறது, அதைத் திறக்கக்கூடியது பொக்ஸுக்குள் இருக்கும் கார்ட் மட்டும்தான். எந்தக் கார்டுக்கு எந்தச் சனல் என்ற அனுமதியும் அதே வழியில் கார்ட் இலக்கத்தைக் குறித்துத் திரும்பத் திரும்ப அனுப்பப்படும். ரீசார்ஜ் பண்ணிய பிறகு "சனலைப் போட்டுவிட்டுக் கொஞ்சநேரம் வையுங்கள்" என்று சொல்வது இதனால்தான். கார்ட் தன் இலக்கம் கூப்பிடப்படும்வரை காத்திருக்கிறது.

இந்த அமைப்பின் பலவீனம் சாவி மிகச் சின்னதாக இருப்பதுதான். ஒற்றையும் இரட்டையும் சேர்த்தால் 16 பைட். ஒரு கார்டை எங்கோ ஒரு கொம்பியூட்டரில் செருகிவைத்து, அது திறந்து தரும் 16 பைட்டை 10 விநாடிக்கு ஒருதரம் இன்டர்நெட் வழியாக நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு அனுப்பினால் போதும். படம் அவரவர் டிஷ்ஷிலிருந்தே வரும், சாவி மட்டும் களவு. கார்ட் ஷெயரிங் என்று சொல்வது இதைத்தான். அதன் நோயும் அந்தப் பத்து விநாடியில்தான் இருக்கிறது. சாவி பிந்தினால் படம் கட்டங்கட்டமாக உடைந்து நிற்கும், அடுத்த சாவி வந்ததும் ஒன்றுமே நடவாததுபோல ஓடும். வாடைக்கால மழையில் சிக்னல் விழுவது வேறு மாதிரி: அது எல்லாச் சனலையும் ஒன்றாக இழுத்துக்கொண்டு போய், மழை விட்டதும் திரும்ப வரும். பத்துப் பத்து விநாடிக் கணக்கில் விக்கினால் அது மழையல்ல. பிறகு வந்த பொக்ஸ்களில், சாவி கார்டிலிருந்து வெளியே வரும்போதே அந்தப் பொக்ஸின் சிப்புக்கு மட்டும் விளங்கும்படி மறுபடி பூட்டப்பட்டது. வழியில் அதை எடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்தாலும் பிரயோசனமில்லை. கார்ட் ஷெயரிங் பெருமளவு அடங்கியது.

ஆனால் எந்தப் பூட்டும் கண்வரைக்கும்தான். மனிதன் பார்க்க வேண்டுமானால் எங்காவது ஓரிடத்தில் படம் திறந்தே ஆகவேண்டும். பொக்ஸிலிருந்து டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ வயரிலும் ஒரு பூட்டு உண்டு, அதன் மூலச்சாவி 2010இலேயே வெளியே கசிந்துவிட்டது. முறையாகக் காசு கட்டிய ஒரு பொக்ஸ், அதன் படத்தைப் பிடித்து மறுபடி சுருக்கும் ஒரு கருவி, வேகமான லைன். களவாக விற்பவர்களின் அடுக்களை இவ்வளவுதான். உப்புவெளி வாசகருக்கு வந்ததும் இப்படி எங்கோ ஒரு நாட்டில், யாரோ ஒருவருடைய சந்தாவில் திறந்த படம். ஆகவே கேள்வி இப்படி மாறுகிறது: இலட்சக்கணக்கான சந்தாதாரர்களில் அந்த ஒருவர் யார்?

பழைய வழி எல்லோருக்கும் தெரியும். இந்திய டிஷ் வைத்திருப்பவர்கள் திரையில் திடீரென்று ஒரு மூலையில் நீள இலக்கம் தோன்றி மறைவதைப் பார்த்திருப்பார்கள். அது அந்தப் பொக்ஸின் அடையாளம். களவாக விற்பவர் அந்த இடத்தை மங்கலாக்கினால் அல்லது தன் லோகோவால் மூடினால் காரியம் முடிந்தது. கண்ணுக்குத் தெரிவதை மறைக்கலாம். தெரியாததை எப்படி மறைப்பது?

இங்கேதான் நீர்க்குறி (watermark), அதாவது கண்ணுக்குத் தெரியாமல் படத்துக்குள்ளேயே ஒளித்துவைக்கும் அடையாளம், வருகிறது. இந்தத் துறையில் என் மனதைப் பறித்த பகுதி இதுதான், கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம்.

இன்டர்நெட் வழியாக வரும் படம் சில விநாடித் துண்டுகளாக வருகிறது. ஒரு துண்டு 4 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டையும் இரண்டு விதமாகத் தயாரிப்பார்கள்: அ, ஆ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சேர்வர் ஒருவருக்கு அ, ஆ, ஆ, அ என்ற வரிசையில் துண்டுகளைக் கொடுக்கும், இன்னொருவருக்கு ஆ, அ, ஆ, ஆ. வரிசைதான் அவருடைய பெயர். 20 துண்டில் 1,048,576 வேறுவேறு வரிசைகள் கிடைக்கும், 80 விநாடியில் பத்து இலட்சம் பேரைப் பிரித்துவிடலாம். பிழைதிருத்தத்துக்காக இன்னும் சில மடங்கு நீட்டினாலும் ஒரு இரண்டு மூன்று ஓவருக்குள் முடிந்துவிடும். சேர்வரில் சேமிக்க வேண்டியது ஆளுக்கொரு கொப்பியல்ல, மொத்தமே இரண்டு கொப்பி. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அ துண்டும் ஆ துண்டும் ஒரே பிரேமில் (வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் தனிப்படங்களில் ஒன்று) தொடங்கி ஒரே பிரேமில் முடிய வேண்டும். ஒரு பிரேம் பிசகினாலும் துண்டு மாறும் இடத்தில் படம் துள்ளும். சட்டலைட்டில் எல்லோருக்கும் ஒரே சிக்னல் போவதால் இந்த வேலையைப் பொக்ஸுக்குள் இருக்கும் சிப்பே செய்ய வேண்டும்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு படங்களைக் கருவி மட்டும் எப்படிப் பிரிக்கிறது?

திருகோணமலை உட்துறைமுகக் கரையில் ஒரு தடியை நட்டு நீர்மட்டத்தைப் பாருங்கள். நம் பக்கத்தில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர்கூட வராது. ஒரு மணிநேரத்தில் கடல் ஏறுவது சில விரல்தான், சிற்றலைகளே அதைவிட உயரமாக எழும்பி விழும். ஒரு தடவை பார்த்தால் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் ஐந்நூறு தடவை அளந்து சராசரி எடுத்தால் அலைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், பெருக்கு மட்டும் மிஞ்சும். அலை இரு பக்கமும் போகிறது, பெருக்கு ஒரே பக்கம் போகிறது என்பதே காரணம். நீர்க்குறியும் ஒரே பக்கம் போகும் ஒரு சின்னஞ்சிறு பெருக்குத்தான்.

ஒரு எச்டி பிரேமில் 1920 × 1080, அதாவது 2,073,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் பிரகாசமும் 0 முதல் 255 வரை ஓர் எண். ஓர் இரகசியச் சாவியை வைத்துப் புள்ளிக்கொன்றாக +1, −1 என்று கலந்தடித்த ஒரு கோலத்தை உண்டாக்குங்கள். அ துண்டில் அந்தக் கோலத்தைப் படத்தோடு கூட்டுங்கள், ஆ துண்டில் கழியுங்கள். 255இல் 1 என்ற மாற்றம், யார் கண்ணுக்கும் தெரியாது.

இப்போது சந்தேகமான படத்தை எடுத்து, அதே கோலத்தால் புள்ளிக்குப் புள்ளி பெருக்கி எல்லாவற்றையும் கூட்டுங்கள். படத்தின் சொந்தப் பிரகாசம் சராசரியிலிருந்து ஏறத்தாழ 50 அளவு மேலும் கீழும் ஆடும் என்று வைப்போம். அது கோலத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாததால் பெரும்பாலும் தன்னைத்தானே கழித்துக்கொள்ளும். மிஞ்சுவது புள்ளிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை 50ஆல் பெருக்கிய அளவு: 1,440 × 50 = 72,000. கோலமோ கழியாது. +1ஐ +1ஆல் பெருக்கினாலும் 1, −1ஐ −1ஆல் பெருக்கினாலும் 1. அத்தனையும் ஒரே பக்கம் சேர்ந்து 2,073,600. இரைச்சலைப்போல 29 மடங்கு! அ துண்டானால் இந்த எண் நேர், ஆ துண்டானால் மறை. வேறு எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை.

களவாக விற்பவர் படத்தை நசுக்கித்தான் அனுப்புவார். நசுக்கியதில் கோலத்தின் பலம் பத்தில் ஒன்றாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது 207,360 எதிர் 72,000, மூன்று மடங்குகூட இல்லை. ஆனால் 4 விநாடித் துண்டில் 100 பிரேம் இருக்கிறது. பிரேமுக்குப் பிரேம் வேறு கோலம் போட்டிருந்தால், நூறையும் கூட்டும்போது குறி 100 மடங்கு வளரும், இரைச்சல் 10 மடங்குதான் வளரும். இழந்த பத்து மடங்கு அப்படியே திரும்பக் கிடைக்கிறது, மறுபடியும் 29. உயர்தரத்தில் படிக்கும் நிகழ்தகவு இவ்வளவு அழகாக வேலை செய்யும் இடம் வேறொன்றை நான் கண்டதில்லை.

நடைமுறையில் இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது. புள்ளிக்குப் புள்ளி மாறும் நுண்ணிய கோலத்தைத்தான் வீடியோச் சுருக்கம் முதலில் தூக்கி எறியும். அதனால் கோலத்தைக் கொஞ்சம் பருமனாக்கி, படத்தின் நடுத்தர அதிர்வெண்களில் வைப்பார்கள். வெறும் வானத்தில் குறைவாக, மைதானத்துப் புல்லிலும் சனக்கூட்டத்திலும் கூடுதலாக. கிரிக்கெட் படம் நீர்க்குறிக்கென்றே செய்ததுபோல இருக்கும், பாதித் திரை புல். பிரச்சினை வருவது ஓரம் வெட்டும்போதும், இடம் வலம் திருப்பும்போதும், டிவித் திரையைக் கைத்தொலைபேசியால் சரிவாகப் படம்பிடிக்கும்போதும்தான். கோலம் நகர்ந்துவிட்டால் பெருக்கிக் கூட்டுவதில் ஒன்றும் தேறாது. அதற்கு மருந்து மூலப்படம். அது கொம்பனியிடம் இருக்கிறது. களவுப் பிரேமை மூலப் பிரேமோடு வைத்து நிமிர்த்தி, இழுத்து, பொருத்திவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குவார்கள்.

கெட்டிக்காரக் கள்ளன் இரண்டு சந்தா எடுத்து, துண்டுகளை மாற்றி மாற்றிக் கலந்து அனுப்புவான். அப்போது வரிசை யாருடையதும் அல்ல. ஆனாலும் தப்ப முடியாது. 200 துண்டு, அதாவது 13 நிமிடம் 20 விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு சந்தாவுக்கும் ஏறத்தாழ 100 துண்டில் ஒரே எழுத்துத்தான், அங்கே கலக்க எதுவுமில்லை. மீதி 100இல் மாறி மாறி எடுத்தால் ஒவ்வொரு சந்தாவுக்கும் 50 பொருந்தும். ஆக இரண்டும் 150 பொருத்தம் காட்டும். சம்பந்தமில்லாத ஒருவருக்கு 100 பொருந்தும், ஏழு எட்டு முன்பின்னாக. அவர் தற்செயலாக 150ஐத் தொட வேண்டுமானால் பத்து இலட்சம் பேர் போதாது. மூன்று, நான்கு, பத்துச் சந்தா என்று கூடக்கூட நீளமான வரிசை வேண்டும். கூட்டுச் சேர்ந்தவர் தொகையின் வர்க்கத்துக்கு ஏற்ப நீட்டினால் போதும் என்பதை 2003இல் நிறுவியவர் ஹங்கேரியக் கணிதவியலாளர் காபோர் டார்டோஷ். இந்த ஆராய்ச்சிக்குத் தொலைநோக்கியோ துகள்முடுக்கியோ வேண்டாம். ஒரு லப்டொப்பும் நல்ல ஆசிரியரும் போதும். கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்துப் பிள்ளைகள் செய்யக்கூடிய வேலை. ஆய்வுப் பணம் கட்டடத்துக்கும் கருவிக்கும் என்று ஒதுக்கும்போது, இரண்டு பேர் மூன்று வருடம் உட்கார்ந்து கணக்குப் போட ஒரு சிறு தொகையும் ஒதுக்கினால் பெரிய பலன் வரும் என்பது என் உறுதியான எண்ணம்.

பெயர் தெரிந்ததும் அந்தச் சந்தா துண்டிக்கப்படும், அதில் தொங்கிய எல்லா வீடும் அதே நொடியில் நிற்கும். நீர்க்குறியின் பலம் இதில்தான்: பிழையான ஆளில் கை வைக்காது. மற்ற வழியில் அந்த நிதானம் இல்லை. இத்தாலி 2024 பெப்ரவரியில் தொடங்கிய முறையில், புகார் வந்து 30 நிமிடத்துக்குள் இன்டர்நெட் நிறுவனங்கள் முகவரியைத் தடுக்க வேண்டும். ஒரே முகவரியில் பல தளங்கள் குடியிருப்பதால் சம்பந்தமில்லாதவையும் சேர்ந்து விழுந்தன. அதே ஆண்டு ஒக்டோபரில் கூகுள் டிரைவே சில மணிநேரம் தடைப்பட்டது. கள்ளனைப் பிடிக்கத் தெருவையே மூடுவது சரியான வைத்தியம் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஒளிபரப்பாளரின் உரிமையைப் பாதுகாக்கிறது. அப்படியொரு பொக்ஸை விற்பவர் கட்டும் காசுக்குப் பற்றுச்சீட்டுத் தர முடியாததும், நின்ற பிறகு காசைத் திருப்பிக் கேட்க முடியாததும் அதனால்தான்.

பொக்ஸைப் பற்றியும் ஒரு சொல். 2024 செப்டெம்பரில் வொய்ட் என்று பெயரிடப்பட்ட ஒரு கள்ள மென்பொருள் 13 இலட்சம் அன்ட்ரொயிட் டிவி பொக்ஸ்களுக்குள் இருப்பதாக ஒரு பாதுகாப்பு நிறுவனம் கண்டறிந்தது. இவ்வகைப் பொக்ஸ்களில் சில, கடைக்கு வரும்போதே கெட்டுப்போய் வருகின்றன. அவற்றை மீளமைத்தாலும் போகாது, ஏனென்றால் அது இருப்பது மீளமைப்பு தொடாத பகுதியில். உங்கள் லைனை யாரோ ஒருவர் தன் முகமூடியாகப் பாவிக்கலாம். படம் நின்றுபோன அந்தப் பொக்ஸ் இன்னும் வைஃபையில் இருந்தால், வயரைக் கழற்றிவிட்டு, வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

கடைசியாக, பக்கத்து வீடு. பொக்ஸ் ஒரே மாதிரி இருந்தாலும் அதற்குள் வந்த படம் வேறொருவரின் சந்தாவில் திறந்தது. அதன் அ-ஆ வரிசை வேறு. உங்கள் வரிசை வாசிக்கப்பட்டு முடிந்தது பதினாறாவது ஓவரில். அவர்களுடையது அப்போது இன்னும் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.