டாக்டைல் ஸ்விட்ச்: நெருடல் விசை

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் தனித்தனி ஸ்விட்ச் இருக்கும். அதை வாங்கப் போனால் லீனியர், டாக்டைல், கிளிக்கி என்று ஸ்விட்ச் வகைகளைக் குறிக்கும் மூன்று சொற்கள் எதிர்ப்படும். நடுவில் நிற்கும் டாக்டைலைத்தான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சத்தம் குறைவு என்று நம்பி வாங்குவோர் உண்டு. ‘டக்’கென்று கேட்கும் என்று எதிர்பார்த்து வாங்குவோரும் உண்டு. ஆனால் அந்தச் சொல்லில் ஓசையைப் பற்றிய பேச்சே இல்லை.

இலத்தீனில் டாங்கெரே என்றால் தொடுதல். அதிலிருந்து வந்தது டாக்டிலிஸ், அதாவது தொட்டு அறியத்தக்கது. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டது. மின்வேலையில் நாம் சொல்லும் ‘காண்டாக்ட்’டும் இதே வேரில் கிளைத்ததுதான்.

பொருள் பிடிபட வேண்டுமானால் ஒரு ஸ்விட்சைத் திறந்து பார்ப்பதே நல்லது. மேல்மூடியைக் கழற்றி நடுவிலுள்ள தண்டை வெளியே எடுங்கள். அதன் ஒரு பக்கத்தில் இரண்டு சிறிய கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். லீனியரில் அந்தக் கால்களின் முகம் வழவழவென்று ஒரே சரிவாக இறங்கும். டாக்டைலில் அதே இடத்தில் ஒரு புடைப்பு இருக்கும். விசையை அழுத்தும்போது உள்ளிருக்கும் மெல்லிய உலோகத் தகடு அந்தப் புடைப்பின் மேல் ஏறி இறங்குகிறது. விரலுக்குத் தட்டுப்படுவது அந்த ஏற்ற இறக்கம்தான். கிளிக்கியில் இது போதாதென்று தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையோ கம்பியோ அடித்து ஓசை எழுப்பும்.

தமிழில் என்ன சொல்வது? ‘தொடுணர் விசை’ என்பது அகராதிப்படி சரிதான், ஆனால் பொருளைத் தவறவிடுகிறது. தொடுதிரை பழகிய நமக்கு, தொட்டாலே வேலை செய்யும் பொத்தான் என்றுதான் அது படும். பழந்தமிழில் தொடுபுலனுக்கு ‘ஊறு’ என்று பெயர். ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’ என்று குறள் ஐந்தையும் அடுக்குகிறது. ஓரறிவு உயிரைச் சொல்லும்போது ‘உற்றறிவது’ என்கிறது தொல்காப்பியம். அருமையான சொல்தான். ஆனாலும் இன்று ஊறு என்றதும் தீங்கு என்ற பொருளே முந்திக்கொள்கிறது.

எங்கள் தேர்வு ‘நெருடல்’. அரிசியைக் கையால் அளையும்போது கல் நெருடும். சட்டைக்குள் தையல் முடிச்சு நெருடும். கண் காணாததை, காது கேளாததை விரலோ தோலோ அறிவதற்கு நம்மிடம் புழங்கும் சொல் இது. மனநெருடல் என்னும்போது சற்றுக் கசப்பு ஏறுவது உண்மைதான். விரலைப் பற்றிப் பேசும் இடத்தில் அது தலைகாட்டாது. விசைப்பலகை என்பது நிலைத்துவிட்டதால் ‘நெருடல் விசை’ என்றே சொல்லலாம். ஸ்விட்சை ஆளி என்று படித்த இலங்கைத் தமிழர் ‘நெருடல் ஆளி’ என்றாலும் பொருந்தும். மவுஸ் கிளிக்கைச் சொடுக்கு என்று ஏற்கெனவே சொல்கிறோம், ஆகவே கிளிக்கி ‘சொடுக்கு விசை’.

இனி, சில ஸ்விட்சுகளின் பெயரில் வரும் ‘சைலன்ட்’. இதை ‘ஒலியற்ற’ என்று எழுத வேண்டாம். ஓசையே இல்லாத விசை கிடையாது, ‘ஒலியடக்கிய’ என்பதே நேர்மையான சொல். தண்டு அடியில் போய் மோதுவது ஒரு சத்தம், விரலை எடுத்ததும் மேலெழுந்து மூடியில் இடிப்பது இன்னொரு சத்தம். ஒலியடக்கிய விசைகளில் தண்டின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ரப்பர் அல்லது சிலிக்கான் மெத்தை இருக்கும். கீகேப்புக்கு (எழுத்து பொறித்த தொப்பி) அடியில் மாட்டும் ரப்பர் வளையம் கீழ்மோதலை மட்டுமே தணிக்கும். மேல்மோதல் அப்படியே கேட்கும். அதனால்தான் வளையம் போட்டும் பலருக்குத் திருப்தி வருவதில்லை.

நெருடலும் ஒலியடக்கமும் வேறுவேறு என்பதைக் கடைச்சரக்கே காட்டும். செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் சைலன்ட் ரெட் ஒலியடக்கியது, ஆனால் லீனியர். எம்எக்ஸ் பிரவுனில் நெருடல் உண்டு (மிக மெலிதுதான்), மெத்தை இல்லை. இரண்டும் வேண்டுமென்றால் போபா யூ4 போன்ற ஸ்விட்சுகளைத் தேட வேண்டும். இங்கே ஓர் எழுத்தில் ஏமாறலாம்: யூ4டி என்பது மெத்தை இல்லாமல், ஆழ்ந்த ஓசைக்காகவே செய்தது. யூ4-இல் 62 கிராம், 68 கிராம் என இரண்டு ஸ்பிரிங்குகள் உண்டு. விரல் சீக்கிரம் களைப்பவர்களுக்கு 62 போதும். விசையின் மேல் விரலை ஊன்றி வைக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு 68 நல்லது.

மெத்தைக்கு ஒரு விலை உண்டு. அது இடத்தை அடைத்துக்கொள்வதால் பயணம், அதாவது விசை கீழிறங்கும் தூரம், குறையும்: வழக்கமான எம்எக்ஸில் 4 மி.மீ., சைலன்ட் ரெட்டில் 3.7. அடியில் கெட்டியாக நிற்காமல் கொஞ்சம் சொதசொதப்பாகவும் இருக்கும். நெருடல் பலமாக இருந்தால் விரல் அதையே கவனிக்கும், அடித்தட்டின் மென்மை உறுத்தாது. மெலிந்த நெருடலும் மெத்தையும் சேர்ந்தால் இரண்டுமே குழைந்து போகும்.

உரசலைக் குறைக்க ஸ்விட்சுக்குள் கிரீஸ் பூசும்போதுதான் நெருடல் அதிகம் கெடுகிறது. தண்டின் பக்கவாட்டுத் தடங்களிலும் ஸ்பிரிங்கின் முனைகளிலும் மெல்லிய படலம் போதும். கால்களில் பூசினால் புடைப்பு வழுக்கி நெருடல் மங்கிவிடும், மெத்தையில் பட்டால் பிசுபிசுக்கும். நெருடல் விசைக்கு கிரைடாக்ஸ் 205 போன்ற கெட்டியான கிரீஸைவிட ட்ரைபோசிஸ் 3203 போன்ற இளகியதே ஏற்றது.

எல்லா விசைகளையும் மாற்றிய பிறகும் ஸ்பேஸ்பார் கடகடத்தால், அது ஸ்டெபிலைசர் (நீண்ட விசை சாயாமல் தாங்கும் அமைப்பு) கம்பியின் சத்தம். கம்பியின் இரு முனைகளிலும் டைஎலக்ட்ரிக் (மின்கடத்தா) கிரீஸ் தடவினால் அடங்கும்.

சாலிடர் இல்லாமல் செருகும் பலகையாக இருந்தால், விசையின் அடியில் ஐந்து முனைகளா மூன்றா என்று முதலில் பாருங்கள். ஐந்தில், நடுவிலுள்ள தடித்த முனையின் இருபுறமும் நிற்கும் சிறியவை இரண்டும் வெறும் பிளாஸ்டிக் முளைகள். பலகையில் அவற்றுக்குத் துளை இல்லையென்றால் நகவெட்டியால் அடியோடு நறுக்கிவிடலாம். செருகும்போது சாய்த்து அழுத்தினால் உலோக முனை மடங்கிவிடும். எழுத்து விழவில்லை என்றால் விசையைப் பிடுங்கி, முனையை இடுக்கியால் நிமிர்த்தி, நேராகச் செருகுங்கள்.