நார்த்தூளும் அதைக் கழுவிய தண்ணீரும்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகக் கொழிஞ்சாம்பாறைக்குப் போகும் சாலையில் தமிழ்நாடு எங்கே முடிகிறது, கேரளம் எங்கே தொடங்குகிறது என்பதைக் கடைகளின் பெயர்ப்பலகையை வைத்துத்தான் சொல்ல முடியும். தோப்பும் பேச்சும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். நார் மில்களுக்குப் பக்கத்தில் பழுப்பாகக் குவிந்து கிடக்கும் மேடுகளும் அப்படியே. தேங்காய் மட்டையை அடித்து நாரைப் பிரித்த பிறகு மிஞ்சுகிற தூள் அது. நம் பக்கம் நார்க்கழிவு என்பார்கள், மலையாளத்தில் சகிரிச்சோறு, ஏற்றுமதிக் காகிதத்தில் கோகோபீட்.

மட்டையின் எடையில் நார் ஏறத்தாழ 30 சதவீதம்தான். மீதி 70 சதவீதம் தூள். நார் மில் என்று பெயர் வைத்திருந்தாலும் அங்கே அதிகம் விழுவது தூள்தான். நெடுங்காலம் அதைச் சாலையோரம் கொட்டினார்கள். தீப்பிடித்தால் நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே புகைந்துகொண்டிருக்கும். மழை பெய்தால் பழுப்பு நீர் இறங்கும். இன்று அதே தூள் செங்கல் செங்கலாக அமுக்கப்பட்டு, கப்பலேறி, நெதர்லாந்தின் பசுமைக்குடில்களில் தக்காளி வளர்க்கிறது. ஒரு காலத்தில் தொல்லை என்று திட்டிய குணங்களுக்குத்தான் இப்போது விலை கொடுக்கிறார்கள். உப்பு ஒன்றைத் தவிர. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் குணம், லேசில் மட்காதது. தூளில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமாக லிக்னின் இருக்கிறது. மரத்துக்கு விறைப்பைத் தருகிற அதே பொருள். மூலக்கூறுகள் ஒழுங்கான சங்கிலியாக இல்லாமல் தாறுமாறாகப் பின்னிக் கிடப்பதால் பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு எங்கே கடிப்பதென்றே தெரியாது. குப்பைமேட்டுக்காரருக்கு இது தலைவலி. தொட்டியில் செடி வைப்பவருக்கோ, இரண்டு மூன்று வருடமானாலும் இறுகி அமிழ்ந்துபோகாத ஊடகம், அதாவது மண்ணுக்குப் பதிலாக வேர் பிடித்து நிற்கும் பொருள்.

இரண்டாவது, தண்ணீர். மட்டைக்குள் நாருக்கும் நாருக்கும் இடையில் நிரப்பியிருக்கும் மெல்லிய சுவர் கொண்ட வெற்றறைகள்தான் உதிர்ந்து தூளாகின்றன. நுண்ணிய துளைகளில் தண்ணீரை மேற்பரப்பு இழுவிசை பிடித்துக்கொள்கிறது. புவியீர்ப்பு இழுத்தாலும் விடாது. துகளுக்கும் துகளுக்கும் இடையிலுள்ள பெரிய இடைவெளிகளிலோ தண்ணீர் வடிந்து காற்று ஏறிக்கொள்கிறது. தன் எடையைப் போல எட்டு மடங்குக்குக் குறையாத நீரைப் பிடித்துக்கொண்டே வேருக்கு மூச்சும் விடுவது இதனால்தான். களிமண்ணும் நீரைப் பிடிக்கும், ஆனால் காற்றை வெளியே தள்ளிவிடும். ஆற்று மணல் காற்றைத் தரும், நீரை நிறுத்தாது. காய்ந்த தூளை அமுக்கினால் அந்தச் சுவர்கள் நொறுங்காமல் மடிகின்றன. தண்ணீர் பட்டதும் நிமிர்ந்து எழுகின்றன. 5 கிலோ கட்டி ஒன்று ஊறி 70 லிட்டர் அளவுக்குப் பொங்குவதை முதல்முறை பார்ப்பவர்கள் பாத்திரத்தை மாற்ற ஓடுவார்கள். ஐரோப்பாவில் தோட்டக்காரர்கள் பரம்பரையாகப் பயன்படுத்தியது பீட் எனும் சதுப்புநிலக் கரி மண். அது நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்க மறுக்கும். நார்த்தூள் அப்படி அடம்பிடிக்காது. பீட் வெட்டுவதென்றால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கரிமத்தைக் கிளறிவிடுவதும் ஆகும். நம் தூளுக்கு அங்கே மவுசு கூடியதற்கு இது இன்னொரு காரணம்.

இப்போது உப்பு. தென்னை பொட்டாசியத்தையும் குளோரைடையும் விரும்பி உண்ணும் மரம். காய்க்குள் போகும் பொட்டாசியத்தில் பெரும்பங்கு பருப்புக்கோ இளநீருக்கோ போவதில்லை, மட்டையில்தான் தங்குகிறது. கூடவே சோடியமும். கடலோரக் காயலில் ஊறிய மட்டையில் சோடியம் இன்னும் அதிகம். ஆலப்புழைப் பக்கம் பச்சை மட்டையை மாதக்கணக்கில் காயலில் மூழ்கவைத்து, நாரை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை நுண்ணுயிர்கள் தின்று நாரை விடுவிக்கும்வரை காத்திருந்து வெள்ளை நார் எடுப்பார்கள். பொள்ளாச்சி, பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தில் காயலும் இல்லை, காத்திருப்பும் இல்லை. மட்டையை நனைத்து நேரே மெஷினில் விடுகிறார்கள்.

உப்பென்றால் கழுவிவிட்டால் போச்சு என்று தோன்றும். பாதிதான் போகும். துகளின் பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. அதில் பொட்டாசியம், சோடியம் அயனிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவர்களும் நின்றுகொண்டு வருபவர்களும் இருப்பது போலத்தான் இது. வெறும் தண்ணீர் விட்டால் நின்றுகொண்டிருப்பவர்கள் இறங்கிவிடுவார்கள், உட்கார்ந்தவர்கள் அசைய மாட்டார்கள். இந்தத் தூளில் செடியை நட்டு உரநீர் ஊற்றினால், அதிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தூள் பறித்துக்கொண்டு சோடியத்தை வேருக்குத் தள்ளிவிடும். தக்காளியின் அடி கறுத்து அழுகும். தண்ணீர் போதவில்லையோ என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம்.

அதனால் நல்ல ஏற்றுமதியாளர்கள் கழுவியதோடு நிற்பதில்லை. கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஊறவைக்கிறார்கள். கால்சியத்துக்கு இரட்டை மின்னூட்டம் என்பதால் அது இறுக்கமாக ஒட்டும். ஒன்று உட்காரும்போது சோடியம் இரண்டு எழுந்துகொள்ளும். பிறகு மறுபடி அலசி, மின்கடத்துதிறனை அளக்கிறார்கள். கரைந்த உப்பு கூடினால் அதுவும் கூடும். சென்டிமீட்டருக்கு 0.5 மில்லிசீமென்ஸுக்குக் கீழே வந்தால் அது நல்ல சரக்கு. உள்ளூர் நர்சரியில் மலிவாகக் கிடைக்கும் கட்டிகள் பலவும் இந்த வேலை நடக்காதவை. மாடித்தோட்டம் போட்டு ஒரே மாதத்தில் வெறுத்துப்போனவர்களில் பலருக்குக் கைராசி இல்லை என்று நான் நம்ப மாட்டேன், தூளில் உப்பு இருந்திருக்கும்.

தூளை ஊடகமாக இல்லாமல் உரமாக ஆக்க வேண்டுமென்றால் வழி வேறு. அதில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 100:1-க்கும் மேல். அப்படியே மண்ணில் கலந்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தேவையான தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுக்கும், பயிர் மஞ்சளிக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்குச் சொல்லும் ஆள் சிப்பிக்காளான். லிக்னினை உடைக்கும் நொதிகளைச் சுரப்பது இத்தகைய வெண்ணழுகல் பூஞ்சைகளின் தனித்திறமை. ஒரு டன் தூளுக்கு 5 கிலோ யூரியா, 5 புட்டி காளான் வித்து. நிழலில் ஓர் அடுக்குத் தூள் பரப்பி வித்து, அடுத்த அடுக்கில் யூரியா, இப்படி மாற்றி மாற்றி அடுக்கி ஈரம் காய விடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பழுப்பு கறுப்பாகும்போது விகிதம் 24:1 அளவுக்கு இறங்கியிருக்கும்.

இதற்கெல்லாம் முன்பிருந்தே தோப்புக்காரர்களிடம் ஒரு வித்தை உண்டு. மட்டையைத் தென்னை வரிசைகளுக்கு நடுவே குழியெடுத்து, குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மூடுவது. காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனமும் இதைத்தான் பரிந்துரைக்கிறது. ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை மண்ணில் ஈரம் காக்கும். மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம். இப்போது மட்டைக்கே காசு கிடைப்பதால் புதைப்பவர்கள் குறைவு.

இந்த வெற்றிக்கதையில் எனக்கு ஒவ்வாத இடம் ஒன்று உண்டு, அது கழுவிய தண்ணீர். தூள் சுத்தமாகிக் கப்பலேறுகிறது. அதிலிருந்த உப்பும், தண்ணீரைப் பழுப்பாக்கும் டானின் போன்ற பீனால் பொருள்களும் இங்கேயே தங்குகின்றன. தரையில் விட்டால் கிணற்றுக்குத்தான் போகும். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் நார் ஆலைகளை, மாசு ஏறக்குறைய இல்லாத தொழில்களுக்கான வெள்ளைப் பிரிவிலிருந்து மாசு கூடியவற்றுக்கான ஆரஞ்சுப் பிரிவுக்கு மாற்றியபோது மில்காரர்கள் கொதித்தார்கள். சின்ன மில்களுக்கு அது பாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் கழிவை மாற்றியமைக்கிறோம் என்று சொல்லும்போது கழிவுநீரையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

கணக்கு என்றதும் இன்னொன்று. காய்க்கும் தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்கு 1,200 கிராம் பொட்டாஷ், அதாவது பொட்டாசியச் சத்து, பரிந்துரைக்கிறார்கள். அதற்கு 2 கிலோ மூரியேட் ஆஃப் பொட்டாஷ் வேண்டும். இந்தியா அந்த உரத்தை ஏறக்குறைய முழுக்க வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. மரம் உறிஞ்சி மட்டையில் சேர்த்த பொட்டாஷைக் கழுவித் தெருவில் விட்டுவிட்டு, கப்பலில் வந்ததை அதே மரத்தடியில் கொட்டுகிறோம். அதிகம் கரைவது முதல் அலசலில்தான். அதை மட்டும் தார்ப்பாய் விரித்த தொட்டியில் தனியே பிடித்து, உப்பை அளந்து, நல்ல தண்ணீர் கலந்து, வடிகால் உள்ள தோப்புக்கு மழைக்காலத்தை ஒட்டிப் பாய்ச்சலாம். தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும் மரம். ஆனால் இடமே மாற்றாமல் பாய்ச்சினால் சோடியம் சேர்ந்து மண் இறுகிவிடும்.

வீட்டளவில் இது இன்னும் சுலபம். சமையலறையில் சேரும் மட்டையைப் பிய்த்து வாளியில் ஊறவைத்து, பழுப்பு வெளிறும்வரை மூன்று நான்கு முறை தண்ணீரை மாற்றுங்கள். உரக்கடையில் கால்சியம் நைட்ரேட் கிடைத்தால் கொஞ்சம் கரைத்து ஓர் இரவு ஊறவிட்டு மறுபடி அலசுங்கள். நாரோடு அப்படியே தொட்டியின் அடியில் போடலாம், உதிர்ந்த தூளைத் தொழுவுரத்தோடு கலந்து விதை போடலாம். முதல் வாளித் தண்ணீரைத் தொட்டிச் செடிக்கு ஊற்றாதீர்கள், தென்னை இருந்தால் அதன் அடிக்குப் போகட்டும்.