அண்ணன் தொண்டை, தம்பி தொண்டை

லேண்ட்லைன் காலத்தில் அண்ணன் தம்பி இருக்கும் வீட்டுக்குப் போன் செய்தவர்களுக்கு இது நடந்திருக்கும். "ஹலோ" என்ற குரலைக் கேட்டதும் அண்ணன்தான் என்று நம்பி நாம் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போவோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இருங்க, அண்ணனைக் கூப்பிடுறேன்" என்பான் தம்பி.

இதில் நம் காதின் தப்பு எதுவும் இல்லை. பழைய தொலைபேசி ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளைத்தான் கடத்தும். ஓர் ஆண் சாதாரணமாகப் பேசும்போது அவருடைய குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 120 முறை அதிர்கின்றன. அந்த அடிப்படை அதிர்வு கம்பி வழியாக வருவதே இல்லை. அதன் மடங்குகளான 360, 480, 600 போன்றவைதான் வந்து சேர்கின்றன. கூடவே, தொண்டையும் வாயும் அந்த மடங்குகளில் எதைத் தூக்கி எதை அமுக்கின என்ற ஜாடையும் வருகிறது. அந்த ஜாடையில்தான் அண்ணனும் தம்பியும் ஒட்டிப் பிறந்தவர்கள்.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பகுதியில் இந்த ஜாடையை வைத்தே ஓர் இசை மரபு வளர்ந்தது. நரம்பு வாத்தியங்களோடு அண்ணன் தம்பி சேர்ந்து பாடும், புளூகிராஸ் என்ற நாட்டுப்புற பாணிப் பாட்டு அது. ஆஸ்பர்ன் சகோதரர்கள், ஜிம் - ஜெஸ்ஸி என்று பல ஜோடிகள் உண்டு. எனக்கு இவர்களில் முதலிடம் ஸ்டான்லி சகோதரர்களுக்குத்தான். கார்ட்டர் 1925இல் பிறந்தார், ரால்ஃப் 1927இல். ஒன்றரை வயதுதான் வித்தியாசம். ஊர், வர்ஜீனியா மாநிலத்தின் டிக்கன்சன் கவுன்டி. அண்ணன் கையில் கிட்டார், தம்பி கையில் பாஞ்சோ. 1946இல் குழு தொடங்கினார்கள். 1949 முதல் 1952 வரை கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காக அவர்கள் பதிவு செய்த பாட்டுகளை இந்த இசையின் ரசிகர்கள் இன்றும் தேடிக் கேட்கிறார்கள். புளூகிராஸின் தந்தை என்று கொண்டாடப்படும் பில் மன்றோ, தன் பாணியில் பாடுகிறவர்களைத் தன் நிறுவனமே சேர்த்துக்கொண்டது என்று கோபித்து கொலம்பியாவை விட்டே போனார். அப்புறம் 1951இல் அதே கார்ட்டர் சில காலம் மன்றோவின் குழுவில் பாடினார் என்பது தனிக் கதை.

சரி, அண்ணனும் தம்பியும் சேர்ந்தால் என்ன நடக்கிறது?

குரல்நாண்கள் எழுப்புவது வெறும் ரீங்காரம். அதற்கு மேலே வளர்ந்த ஆணுக்குச் சுமார் 17 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு குழாய் இருக்கிறது, தொண்டையில் தொடங்கி உதட்டில் முடிவது. அந்தக் குழாய்க்கென்று சில ஒத்ததிர்வுகள் உண்டு, அதாவது அது தானாகவே தூக்கிக் கொடுக்கும் அதிர்வுகள். நாக்கையும் தாடையையும் உதட்டையும் அசைத்தால் அவை இடம் மாறும். உயிரெழுத்துகள் பிறப்பதே அப்படித்தான். ஒருவர் 220 ஹெர்ட்ஸில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு 'ஆ' என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஒத்ததிர்வு 700ஐ ஒட்டி இருக்கும், ஆகவே மூன்றாம் மடங்கான 660 ஓங்கும். அதே சுரத்தில் 'ஓ' என்றால் ஒத்ததிர்வு கீழே இறங்கி, இரண்டாம் மடங்கான 440 ஓங்கும். சுரம் மாறவில்லை, ஆனால் ஒலியின் எடை வேறு இடத்துக்குப் போய்விட்டது.

இப்போது இரண்டு பேர் சேர்ந்து பாடுகிறார்கள். ஒருவர் வாயை அகலத் திறந்து 'ஆ' என்கிறார், மற்றவர் உதட்டைக் குவித்து 'ஓ'வுக்குப் பக்கத்தில் நிற்கிறார். இருவருமே சுருதி சுத்தமாகத்தான் பாடுகிறார்கள். ஆனாலும் காது அவர்களை இரண்டு ஆட்களாகப் பிரித்துவிடும். உயிரெழுத்து ஒன்றாக இருந்து, சொல் தொடங்குவதும் முடிவதும் ஒரே நொடியில் நடந்தால் காது குழம்பிவிடும். ஒரே ஆள் இரண்டு சுரத்தில் பாடுவது போலத் தோன்றும். உடன்பிறந்தவர்களுக்குக் குழாயின் அளவும் கிட்டத்தட்ட ஒன்று, வீட்டில் கேட்டு வளர்ந்த பேச்சும் ஒன்று. பிறர் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துச் சரிசெய்ய வேண்டியதில் பாதி அவர்களுக்குப் பிறப்பிலேயே கிடைத்துவிடுகிறது.

அடுத்தது சுருதிக் கணக்கு. அண்ணன் பாடும் 220 ஹெர்ட்ஸை ஸ என்று கொண்டால், தம்பி அதற்கு மேல் அந்தர காந்தாரத்தில் நிற்கிறார். 5க்கு 4 என்ற சுத்த விகிதத்தில் அது 275 ஹெர்ட்ஸ். அண்ணன் குரலின் ஐந்தாம் மடங்கு 1100, தம்பி குரலின் நான்காம் மடங்கும் 1100. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்துவிடுகின்றன. இதே காந்தாரத்தைப் பியானோவில் தட்டினால் 277.2 வரும், எல்லா சுருதிக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று அதைச் சற்றே தள்ளி வைத்திருக்கிறார்கள். அதன் நான்காம் மடங்கு 1108.7. பக்கத்திலேயே 1100 இருப்பதால் இரண்டும் உரசி, நொடிக்கு எட்டொன்பது முறை ஒலி ஏறி இறங்கும். இயற்பியல் பாடத்தில் விம்மல் என்று படித்தோமே, அதுதான். குரலை நடுங்க விடாமல் நேர்கோடாக நீட்டுகிறவர்களுக்கு இந்த விம்மல் உடனே உறுத்தும், குரலை ஒரு மயிரிழை இறக்கி அதைக் கரைத்துவிடுவார்கள். கிட்டாரும் பாஞ்சோவும் பியானோக் கணக்கை ஒட்டியவைதாமே, அவற்றோடு மோதாதா என்று கேட்கலாம். பாஞ்சோவின் ஒலி தட்டிய வேகத்திலேயே செத்துப்போகிறது. மோதுவதற்கு அங்கே நேரம் இல்லை.

கொலம்பியா பாட்டுகளில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. மூன்று குரல் பாட்டில் வழக்கமாக மூன்றாமவர் முதன்மைக் குரலுக்குக் கீழே, மந்தர பஞ்சமத்தில் பாடுவார். இவர்கள் அந்தக் குரலை ஒரு ஸ்தாயி தூக்கி, ரால்ஃபுக்கும் மேலே கொண்டுபோய் வைத்தார்கள். நம் கணக்கில் அது 330 ஹெர்ட்ஸ். இப்போது 220, 275, 330 மூன்றும் 4:5:6 என்று நெருக்கி அடுக்கிய செங்கல் போல நிற்கும். 660இல் ஒரு சந்திப்பு, 1100இல் ஒன்று, 1650இல் இன்னொன்று. 1949இல் பதிவான 'ஒயிட் டவ்' பாட்டின் பல்லவியைக் கேளுங்கள். 'சாரோ' என்று துக்கத்தைச் சொல்லும் சொல் வரும் இடத்தில் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு குரல்களை எண்ணிப் பாருங்கள். நான் பலமுறை எண்ணியிருக்கிறேன், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எங்கோ கணக்கு விட்டுப்போகிறது.

அந்த மேல் குரல் பீ வீ லாம்பர்ட் என்ற மாண்டலின் கலைஞருடையது. அவர் ஸ்டான்லி குடும்பத்தில் பிறந்தவர் இல்லை. மேற்கு வர்ஜீனியா என்ற பக்கத்து மாநிலத்துக்காரர்.

ரத்தத்தில் வரும் ஒத்திசைவு என்று அமெரிக்கர்கள் பெருமையாகச் சொல்வது இங்கேதான் கொஞ்சம் இடறுகிறது. ரத்தம் தந்த குழாய் உதவும், மறுக்கவில்லை. ஆனால் எந்தச் சொல்லில் வாயை எவ்வளவு திறப்பது, சுரத்துக்கு எங்கிருந்து வழுக்கி ஏறுவது என்பதெல்லாம் மண்ணில் கற்பது. ஸ்டான்லி வீட்டார் போன பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வாத்தியமே கிடையாது. ஒருவர் வரியை எடுத்துக் கொடுப்பார், சபை அதை நீட்டி இழுத்துப் பாடும். பியானோ பக்கத்தில் இல்லாமல் வளர்ந்த காதுகள் அவை.

பயிற்சியில் மைக்குக்கும் பங்கு உண்டு. வானொலியில் குழு முழுவதும் ஒரே மைக்கைச் சுற்றி நின்றுதான் பாடும். தனித்தனித் தடங்களில் பதிந்து பிறகு கலக்கும் வசதி அன்று இல்லை. மைக்கிலிருந்து 30 சென்டிமீட்டரில் நிற்பவர் 60க்குப் பின்வாங்கினால் அவர் குரல் 6 டெசிபல் குறையும். கலவை இயந்திரத்தின் வேலையைக் கால்கள் செய்தன. ஒருவர் குரல் ஓங்கிவிட்டால் மாயம் கலைந்துவிடும், ஆகவே அரை அடி முன்னே, அரை அடி பின்னே என்று பாட்டு முழுக்க நகர்ந்துகொண்டே இருப்பார்கள்.

கார்ட்டர் 1966 டிசம்பரில் இறந்தார். வயது 41. ரால்ஃப் தொடர்ந்து பாடினார், அண்ணன் இடத்தில் வேறு வேறு பாடகர்களை நிறுத்தி. 1970 வாக்கில் ஒருநாள் கச்சேரிக்குப் போகும் வழியில் வண்டியின் டயர் பஞ்சராகி, அவர் வந்துசேரத் தாமதமானது. கூட்டத்தைச் சமாளிக்க அங்கே இருந்த இரண்டு பையன்களை மேடையேற்றிவிட்டார்கள். கிழக்குக் கென்டக்கியைச் சேர்ந்த கீத் விட்லி, ரிக்கி ஸ்காக்ஸ். இருவருக்கும் பதினாறை ஒட்டிய வயது, ஒருவருக்கொருவர் உறவும் இல்லை. ஸ்டான்லி இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுப் பாடக் கற்றவர்கள். கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த ரால்ஃபுக்கு மேடையிலிருந்து கேட்டது, தன் குரலும் அண்ணன் குரலும்.