சும்மா நிற்கும் சக்கரம் தரும் இழுவை

கொல்லிமலையில் மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "டீசல் பிக்கப் ஒன்று எடுக்கலாம் என்று டொயோட்டா ஹைலக்ஸ் பார்த்தேன். 2.8 லிட்டர் எஞ்சின், 204 குதிரைத்திறன், மேனுவல் ஆட்டோமேட்டிக் இரண்டிலும் அதேதான். ஆனால் டார்க் மட்டும் மேனுவலுக்கு 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்குக்கு 500 என்று போட்டிருக்கிறான். ஒரே எஞ்சின் எப்படி சார் இரண்டு விதமாக இழுக்கும்? விலையை ஏற்ற ஏதாவது வேலையா? மலைக்கு எதை எடுக்கட்டும்?"

வேலை ஒன்றும் இல்லை. டார்க் என்பது எஞ்சின் தண்டைச் சுழற்றும் முறுக்கு விசை. எல்லா ஊரிலும் இதே கதைதான். அமெரிக்காவில் ராம் கம்பெனியின் பெரிய பிக்கப்புகளில் கம்மின்ஸ் 6.7 லிட்டர் டீசல் எஞ்சின் வருகிறது. 2018 மாடலில் அதற்கு மேனுவல் கியர்பாக்ஸ் போட்டால் 660 பவுண்டு-அடி, அதாவது சுமார் 895 நியூட்டன் மீட்டர். ஆட்டோமேட்டிக்கில் உச்சபட்சம் 930 பவுண்டு-அடி, சுமார் 1,260 நியூட்டன் மீட்டர். அந்த மாடலோடு மேனுவலையே நிறுத்திவிட்டார்கள். எஞ்சினால் முடியாமல் இல்லை. பின்னால் இருக்கும் கியர்பாக்ஸையும் கிளட்சையும் காப்பாற்றுவதற்காக எஞ்சினின் கம்ப்யூட்டரே டீசலைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு விடுகிறது.

ஏன் காப்பாற்ற வேண்டும்? கிளட்ச் பிளேட் என்பது எஞ்சினோடு சுற்றும் ஃபிளைவீலுக்கும், ஸ்பிரிங் அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் நசுக்கிப் பிடிக்கப்பட்ட ஒரு வட்டத் தட்டு, அவ்வளவுதான். உராய்வினால்தான் பிடிக்கிறது. அதிக டார்க்கைக் கடத்த வேண்டுமென்றால் தட்டைப் பெரிதாக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்பிரிங்கின் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். அழுத்தத்தைக் கூட்டினால் பெடல் கனக்கும், அதை நாள் முழுக்க மிதிக்கப் போவது உங்கள் இடது கால். தவிர மேனுவலில் முழுச் சுமையும் ஒரு ஜோடிப் பற்களின் வழியாகத்தான் போகிறது. ஆட்டோமேட்டிக்கில் இருப்பது கோள் கியர்கள், நடுவில் ஒன்று, அதைச் சுற்றி மூன்றோ நான்கோ, சுமையை அவை பங்கு போட்டுக்கொள்கின்றன. அப்புறம் கம்பெனிக்காரனுக்கு இன்னொரு பயமும் உண்டு, நம் கால் மேல். ஆத்திரத்தில் கிளட்சைச் சட்டென்று விடுபவர்களும் வண்டி வாங்குவார்கள் இல்லையா?

சரி, 420, 500 கணக்கு இதோடு முடிந்தது. ஆனால் மலையில் உண்மையாகவே வித்தியாசம் காட்டுவது இந்த எண்பது நியூட்டன் மீட்டர் இல்லை. இரண்டுமே எஞ்சின் வாசலில் அளந்த எண்கள். வாசலைத் தாண்டியதும் ஆட்டோமேட்டிக்கில் ஒரு காரியம் நடக்கிறது, எந்த விளம்பரத்தாளிலும் அதைப் போடுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த இயந்திரம் அதுதான்: டார்க் கன்வெர்ட்டர்.

மெதுவடை மாதிரி ஓர் இரும்புக் கூடு. உள்ளே முழுக்க எண்ணெய், மூன்று இறக்கைச் சக்கரங்கள். முதல் சக்கரம் பம்ப், கூட்டோடு சேர்ந்து எஞ்சின் வேகத்தில் சுற்றும். அதற்கு எதிரே முகம் பார்த்தபடி டர்பைன், அது கியர்பாக்ஸ் தண்டோடு இணைந்திருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடவே தொடாது. பம்ப் சுற்றும்போது எண்ணெய் வெளி விளிம்புக்கு வீசப்பட்டு, எதிரே இருக்கும் டர்பைனின் இறக்கைகளில் மோதி, அதை உந்திவிட்டு, வளைந்து நடுப்பக்கமாகத் திரும்பி மறுபடியும் பம்ப்புக்கே வரும். இவ்வளவு மட்டும் இருந்தால், போட்ட டார்க்தான் வரும், ஒரு பைசாகூட அதிகம் வராது.

சிக்கல் திரும்பி வரும் எண்ணெயில் இருக்கிறது. டர்பைனின் இறக்கைகள் எண்ணெயை அப்படியே பின்பக்கமாகத் திருப்பி அனுப்புகின்றன. எஞ்சின் ஒரு திசையில் சுற்ற, வரும் எண்ணெய் எதிர்த் திசையில் சுழன்றுகொண்டு வந்தால் பம்ப்பை மறித்து அடிக்கும். ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1905-இல் இதற்கு வழி கண்டு காப்புரிமை வாங்கினார். அவர் காருக்காக யோசிக்கவில்லை. ஸ்டெட்டின் நகரத்தின் வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் வேலை. நீராவி டர்பைன் வேகமாகச் சுற்றினால்தான் அதற்கு ஆகும், கப்பலின் விசிறி மெதுவாகச் சுற்றினால்தான் அதற்கு ஆகும், இந்த இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டிய தலைவலி அவருக்கு. அவருடைய விடை, பாதையில் நகராத இறக்கைகளை வைத்து எண்ணெயைத் திருப்புவது. இன்றைய வண்டிகளில் அது பம்ப்புக்கும் டர்பைனுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது சக்கரமாக இருக்கிறது. ஸ்டேட்டர். பின்பக்கமாகச் சுழன்று வரும் எண்ணெயை அது வளைத்து, பம்ப் சுற்றும் திசைக்கே திருப்பிக் கொடுக்கிறது.

இப்போது டர்பைனின் பக்கம் இருந்து பாருங்கள். வரும் பந்தைக் கையில் பிடித்து நிறுத்தினால் கைக்கு ஒரு பங்கு தள்ளல். அதே பந்தை மட்டையால் வந்த வழியே அதே வேகத்தில் திருப்பி அடித்தால் மட்டைக்கு இரண்டு பங்கு. டர்பைன் எண்ணெயை நிறுத்துவதோடு விடாமல் திருப்பியும் அனுப்புகிறது, அதனால்தான் கூடுதல் உந்துதல். வண்டி நிற்கும் நிலையில் எஞ்சின் 200 நியூட்டன் மீட்டர் கொடுத்தால், டர்பைனில் சுமார் 400 கிடைக்கும். கியர் பல் ஒன்றுகூட இன்னும் உள்ளே வரவில்லை, அதற்குள் இரண்டு மடங்கு.

மீதி 200 யார் வீட்டுப் பணம்? இந்த இடம்தான் எனக்கு எப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். அதைக் கொடுப்பது நகராமல் நிற்கும் ஸ்டேட்டர். எண்ணெயை அது ஒரு பக்கம் திருப்ப, எண்ணெய் அதை எதிர்ப்பக்கம் தள்ளும், பத்தாம் வகுப்பில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதி. ஸ்டேட்டரின் தண்டு கியர்பாக்ஸ் கூட்டில் பிடித்திருக்கிறது, கூடு வண்டியின் அடிச்சட்டமான சேஸில் பிடித்திருக்கிறது. பட்டறையில் எஞ்சின் இறக்கும் செயின் பிளாக்கைப் பார்த்திருப்பீர்கள். நகரும் கப்பியில் சங்கிலியின் ஒரு முனை மேலே கட்டியிருந்தால், பாதிப் பாரத்தை உத்தரமே தாங்கிக்கொள்ளும், நாம் பாதிதான் இழுக்கிறோம். உத்தரம் அசையவில்லை, அதனால் அது ஆற்றல் எதையும் கொடுக்கவில்லை. ஆனால் விசையில் அதற்குப் பங்கு உண்டு. நாம் இரண்டு மீட்டர் இழுத்தால் பாரம் ஒரு மீட்டர்தான் ஏறும். இங்கேயும் அதுவேதான், டார்க் இரட்டிக்கிறது, வேகம் அதற்கு மேலேயே குறைகிறது.

வண்டி நகர நகர டர்பைன் பம்ப்பின் வேகத்தை எட்டிப் பிடிக்கும். ஏறக்குறைய 85, 90 சதவீதத்தைத் தொடும்போது எண்ணெய் ஸ்டேட்டரின் முதுகில் அடிக்கத் தொடங்குகிறது, இதுவரை உதவியவன் இனி இடைஞ்சல். அதற்காக உள்ளே ஒரு வழிக் கிளட்ச் ஒன்று உண்டு, சைக்கிள் பின்சக்கரத்தின் ஃப்ரீவீல் மாதிரி. ஸ்டேட்டர் பேசாமல் எண்ணெயோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிடும். சென்சார் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, யாரும் சொல்லவும் வேண்டாம்.

(இடையில் ஒரு புலம்பல். ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கிக்கு எஞ்சினும் கியர்பாக்ஸும் ஜெர்மனியிலிருந்து வாங்கித்தான் போட்டார்கள். ராக்கெட் விட்டால் கைதட்டும் நாம், எண்ணெயும் பல்சக்கரமும் சம்பந்தப்பட்ட ஆராய்ச்சிக்குப் பத்து வருடம் பொறுமையாகப் பணம் போடுவதே இல்லை. அழுக்கு வேலை என்று நினைக்கிறோமோ என்னவோ.)

இதை மேனுவல் கிளட்சோடு ஒப்பிட்டால்தான் மலையில் என்ன நடக்கிறது என்று தெரியும். கிளட்ச் பிளேட் வழுக்கும்போது இரண்டு பக்கமும் டார்க் ஒன்றுதான். 200 போட்டால் 200. வேக வித்தியாசம் முழுக்கச் சூடாகப் போகும். நண்பரின் மேனுவல் பிக்கப்பில் ஒருமுறை கொல்லிமலை ஏறினேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டிய ஒரு வளைவில் எதிரே பஸ் இறங்கியது. நண்பர் ஹேண்ட் பிரேக் போடாமல் ஹாஃப் கிளட்சிலேயே வண்டியைத் தூக்கிப் பிடித்து நிறுத்தினார். ஒரு நிமிஷம்தான் இருக்கும். கருகிய வாடை வந்தது. பஸ் டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்துவிட்டுப் போனார். போதாததற்கு ஆர்பிஎம் 1,500-க்குக் கீழே விழுந்திருந்ததால், எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போ தூங்கிவிட்டது. சின்ன டீசல் எஞ்சினில் டர்போ இல்லாத டார்க் என்பது பாதிகூட இல்லை. முக்கி முனகி இரண்டு முறை ஆஃப் ஆகி மூன்றாவது முறைதான் ஏறினோம். டார்க் கன்வெர்ட்டர் இருந்தால் சக்கரம் நின்றிருக்கும்போதே எஞ்சினை 2,000 ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோகலாம், டர்போ விழித்துக்கொள்ளும், அதன் மேல் இந்த இரட்டிப்பும் சேரும்.

ஆனால் எண்ணெய்க்கும் சூடு உண்டு. ஒரு கணக்கு போடுவோம். வண்டி நகராமல், 2,000 ஆர்பிஎம்மில் 200 நியூட்டன் மீட்டர் என்றால் சுமார் 42 கிலோவாட், அத்தனையும் எண்ணெய்க்குள். பக்கெட்டில் போடும் ஆயிரம் வாட் வாட்டர் ஹீட்டர் ராடு நாற்பத்திரண்டை ஒன்றாகப் போட்ட மாதிரி. பத்து லிட்டர் எண்ணெய் என்று வைத்துக்கொண்டால் வினாடிக்கு இரண்டரை டிகிரி ஏறும். அரை நிமிஷத்தில் எழுபது டிகிரிக்கு மேல். கூலர் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும் என்றாலும், ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்திப் பிடிப்பது ஆட்டோமேட்டிக்கிலும் பாவம்தான். பிரேக்கை மிதியுங்கள். ஓட்டத்தில் இந்த வழுக்கல் வேண்டாம் என்பதற்காக உள்ளே லாக்-அப் கிளட்ச் ஒன்று இருக்கிறது, அது பிடித்ததும் பம்ப்பும் டர்பைனும் ஒன்றாகிவிடும். அதனால்தான் லாக்-அப் இல்லாத பழைய ஆட்டோமேட்டிக்குகள் குடித்த மாதிரி இன்றைய வண்டிகள் டீசல் குடிப்பதில்லை.

எண்ணெய் இப்படி வெந்து ஆறுவதால்தான், "சீல்டு கியர்பாக்ஸ், ஆயுசுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்" என்று சொல்வதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். யாருடைய ஆயுசு? புது வண்டி டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பதில் எனக்குப் புகார் இல்லை, பழத்தோடு போச்சு. இந்த ஆயில் நம்பிக்கைக்கு கியர்பாக்ஸையே பலி கொடுக்க வேண்டியிருக்கும்.

இறங்கும்போது கதை மாறும். முதலில் ஒன்று, இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இன்றைய டீசல் எஞ்சின், கியர் போட்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை முழுக்க மூடிவிடும், செலவு பூஜ்யம். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்காக டீசல் எரியும். பிரேக் போகும் அபாயம் தனி. டீசலில் எஞ்சின் பிரேக்கிங்கே, அதாவது எஞ்சினாலேயே வேகத்தைப் பிடிப்பதே, கொஞ்சம் பலவீனம், ஏனென்றால் பெட்ரோல் எஞ்சின் மாதிரி காற்றை நெரித்துப் பிடிக்கும் வேலை பெரும்பாலும் இல்லை, அழுத்திய காற்று ஸ்பிரிங் மாதிரி திருப்பித் தள்ளிவிடும். ஆகவே கியரைக் குறைத்து ஆர்பிஎம்மைக் கூட்டித்தான் பிடிக்க வேண்டும். மேனுவலில் இரண்டாவது போட்டால் இரண்டாவதுதான், மூச்சு விடாமல் பிடிக்கும். ஆட்டோமேட்டிக்கை டி-யில் விட்டால், கால் எடுத்ததும் "சுமை இல்லை போலிருக்கிறது" என்று அதுவே மேல் கியருக்குப் போகப் பார்க்கும். புது வண்டிகளின் கம்ப்யூட்டர் சரிவைக் கண்டுபிடித்துக் கொஞ்சம் அடக்கும், இருந்தாலும் அதை நம்பாமல் லீவரை மேனுவல் மோடுக்குத் தள்ளி இரண்டில் வைத்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வைத்திருக்கும் பாதிப் பேர் அந்த லீவரைத் தொட்டதே இல்லை.

ரிப்பேர் விஷயத்தில் மேனுவலுக்குத்தான் என் ஓட்டு. கிளட்ச் பிளேட் மாற்ற சேந்தமங்கலத்திலேயே ஆள் கிடைப்பார், ஆட்டோமேட்டிக் பெட்டியைத் திறக்க சேலமோ கோவையோ போக வேண்டும், பில்லும் அதற்கேற்ற மாதிரி. பேட்டரி செத்தால் மேனுவலைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம், மற்றதில் முடியாது, எஞ்சின் ஓடினால்தான் உள்ளே எண்ணெய் அழுத்தமே வரும். அதே காரணத்தால், எஞ்சின் சுழற்றும் சக்கரங்கள் தரையில் உருள ஆட்டோமேட்டிக்கைக் கட்டி இழுத்துப் போகவும் கூடாது. சோளக்காடு சந்தைக்கு வரும் பொலிரோ பிக்கப்பும் தோஸ்தும் மேனுவலாகவே ஓடிக்கொண்டிருப்பது சும்மா இல்லை.

ஆனாலும் நீங்கள் கேட்டது தினம் ஏறி இறங்கும் மலை, பின்னால் மிளகு மூட்டை. ஆட்டோமேட்டிக்கை எடுங்கள். பணம் கொடுப்பதற்கு முன், ஷோரூம்காரர் காட்டும் பைபாஸ் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வராதீர்கள். காரவள்ளிக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, பின்னால் நாலு பேரை உட்கார வைத்து, ஒரு வளைவின் நடுவில் நிறுத்தி, பிரேக்கிலிருந்து மெதுவாகக் காலை எடுத்துப் பாருங்கள்.